முப்பத்தேழு புள்ளி ஏழு

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் நிமிஷம். வண்டி வாசலைத் தாண்டிப் போகிற நேரத்தையும் திரும்பி வருகிற நேரத்தையும் தாளில் எழுதுவது அவள் வேலை. ஆறு இருபத்து மூன்றுக்கு வந்த வண்டிக்கு ஆறு இருபத்து மூன்று என்றுதான் எழுதுவாள். ஓட்டுநர் தலைகீழாக நின்றாலும் அது ஆறு இருபது ஆகாது.

"அக்கா, ரெண்டு நிமிஷம்தானே? பாத்துப் போடுங்களேன்" என்று கெஞ்சுவார்கள்.

"ரெண்டு நிமிஷம்தானேன்னு என்கிட்ட சொல்றதுக்கு உங்க வண்டிகிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்பாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

முதுகுக்குப் பின்னால் கன்னாபின்னாவென்று திட்டினார்கள். ஆனால் எங்காவது மோதல், விசாரணை என்று வந்துவிட்டால் அதே ஆட்கள்தான் அவள் கண்ணாடிக் கூண்டுக்கு மூச்சிரைக்க ஓடி வந்து, "நிமிஷம் அக்கா தாளைப் பாருங்க, அதுல இருக்கும் உண்மை" என்று மேலதிகாரியிடம் சொல்வார்கள். அவள் எழுதியதை யாரும் இரண்டாவது முறை சரிபார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எட்டு வயது சின்ன மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டரம்மா சொன்ன நாளில், கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவள் அழவில்லை. "நான் என்னென்ன எழுதி வைக்கணும்?" என்று கேட்டாள். அன்று மாலையே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவிட்டாள். மருந்து, வாந்தி, சிறுநீர், தூக்கம், காய்ச்சல் என்று கோடு போட்டுப் பத்திகள் பிரித்தாள். அந்தப் பத்திகளுக்குள்தான் ஏழு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்தாள்.

ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் அம்மாக்களுக்குப் பெயர் கிடையாது. மூணாம் கட்டில் அம்மா, ஏழாம் கட்டில் அம்மா, அவ்வளவுதான். சும்மா சொல்லக் கூடாது, ஆளுக்கொரு கிறுக்குப் பிடித்திருந்தது. மூணாம் கட்டில் அம்மா எல்லாரோடும் சண்டை போடுவாள். நர்ஸோடு, காவலாளியோடு, சரியாக மூடாத குழாயோடு. "சண்டை போடலேன்னா அழுதுடுவேன், அழுதா என் பையன் பயந்துடுவான்" என்று இவளிடம் ஒருமுறை சொன்னாள். ஏழாம் கட்டில் அம்மா கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். பளபளவென்று இருக்கிற கம்பியை மறுபடி துடைப்பாள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் எவ்வளவு தைரியம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது. வேறு வழி இல்லாதவளைப் பார்த்துத் தைரியசாலி என்பது, சொல்கிறவர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்வதற்குத்தான்.

நிமிஷத்தின் கிறுக்கு நோட்டு. தலைமை நர்ஸுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், புதிதாக வரும் அம்மாக்களிடம் எடுத்துக் காட்டுவாள். "இவங்கள மாதிரி எழுதுங்க. இவங்க நோட்டைப் பாத்தா நாங்க கேள்வியே கேக்க வேணாம்." அந்த அம்மாக்கள் மிரண்டுபோய் நோட்டைப் பார்ப்பார்கள். இவள் பேனாவை மூடியபடி, "பழகிடும்" என்பாள்.

எழுதியதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது காய்ச்சல். மருந்து, கெட்ட அணுக்களோடு சேர்த்துக் கிருமியை எதிர்க்கிற நல்ல அணுக்களையும் அழித்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு சாதாரணக் கிருமி உள்ளே போனாலும் தடுக்க ஆள் இல்லை. அதனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் ஒன்று சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தது. முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிடுங்கள், காத்திருந்து பார்க்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஏழு மாதத்தில் ஐந்து தடவை முப்பத்தெட்டைத் தொட்டது. ஐந்து தடவையும் ஓடினார்கள். அதில் மூன்று தடவை ஒன்றும் இல்லை, சும்மா காய்ச்சல். ஆனாலும் போனால் போனதுதான். நெஞ்சில் ஊசி, கையில் குழாய், குறைந்தது பத்து நாள். கடைசித் தடவை இருபத்து மூன்று நாள் ஆயிற்று.

சின்னவளை வீட்டில் வாலு என்பார்கள். முடியெல்லாம் போய், எலும்பும் தோலுமாக இருந்தபோதும் வாய் மட்டும் குறையவே இல்லை. ஊசி போட வருகிற டாக்டரிடம், "நீங்க படிச்சு முடிச்சிட்டீங்களா, இன்னும் படிக்கிறீங்களா?" என்று கேட்டு, அவர் முழிப்பதைப் பார்த்துச் சிரிக்கிற ஜாதி.

பெரியவளுக்குப் பதினான்கு வயது. அவளைப் பற்றிச் சொல்ல அந்த ஏழு மாதத்தில் ஒன்றுமே இல்லை, அதுதான் விஷயம். தானே எழுந்து, தானே சாப்பிட்டு, தானே பள்ளிக்கூடம் போய் வந்தாள். வீட்டில் கிடக்கிற ஒரு நாற்காலி மாதிரி ஆகிவிட்டாள். தேவைப்படும்போது அதில் துணி போடுவார்கள், மற்ற நேரம் யார் கண்ணிலும் படாது. பள்ளி வாலிபால் அணியில் அவள் இருக்கிறாள் என்பதே, கையெழுத்து வாங்க அவள் ஒரு காகிதத்தை நீட்டியபோதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"ஃபைனல்ஸ். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு" என்றாள் பெரியவள்.

"ஃபைனல்ஸா? அப்ப செமி ஃபைனல்ஸ் எப்ப நடந்துச்சு?"

"போன மாசம். நீ ஆஸ்பத்திரியில இருந்த. பரவாயில்லம்மா, இதுக்கும் வர முடியாதுன்னு தெரியும். சும்மா தேதி சொன்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். பெரியவள் சாதாரணமாகச் சொன்னதுதான் குத்தியது. "வர்றேன். சத்தியமா வர்றேன்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை வாலு வீட்டுக்கு வந்து நான்காவது நாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பழுது என்று மதியமே போய்விட்டான், திரும்ப இரவாகும். வாலுவைப் பார்த்துக்கொள்ள அவன் தங்கை, குழந்தைகளின் அத்தை, வருவதாகப் பேச்சு. ஐந்து இருபதுக்கு இவள் வாலுவின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். பீப் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.

இன்னொரு தடவை வைத்தாள். முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.

அந்த அரை நிமிடத்தில் அவள் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். குழந்தை போர்வைக்குள் கிடந்தாள், இப்போதுதான் சூடாகப் பால் குடித்தாள், அதனால் இருக்கும் என்று நினைத்தாள். மூன்று தடவை சும்மா காய்ச்சலாகத்தானே போயிற்று என்று நினைத்தாள். பெரியவள் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒருமுறை நிமிர்ந்து, அம்மா கிளம்புகிறாளா என்று உள்ளே பார்த்தாள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஆஸ்பத்திரியின் அந்தப் பச்சைச் சுவரை, அந்த மடக்கு நாற்காலியை, அந்த வாடையை இன்னொரு பத்து நாள் பார்க்க அவளால் முடியவில்லை. இரண்டே மணி நேரம், மற்ற அம்மாக்களைப் போல ஒரு மைதானத்தில் நிற்க ஆசைப்பட்டாள். வந்ததும் மறுபடி அளக்கலாம், அப்போதும் இருந்தால் ஓடலாம்.

முப்பத்தெட்டு என்று நோட்டில் எழுதினால் அத்தை பார்ப்பாள், பதறுவாள், உடனே அண்ணனுக்குப் போன் போடுவாள். அதனால் 5.20 என்று நேரத்தை எழுதி, பக்கத்தில் 37.7 என்று எழுதினாள். எப்போதும் போலவே அழகாக விழுந்தது எழுத்து.

"எவ்ளோ?" என்றாள் வாலு.

"முப்பத்தேழு புள்ளி ஏழு."

"அப்ப அக்கா மேட்ச்சுக்குப் போ. வீடியோ எடும்மா. ஆனா கையை ஆட்டாத. போன தடவை பூரா தரையத்தான் எடுத்து வச்சிருந்த."

"சரிடி பெரிய மனுஷி" என்று போர்வையைச் சரிசெய்துவிட்டு, உடை மாற்ற உள்ளே போனாள். சற்று நேரத்தில் அத்தை வந்து சேர்ந்தாள். ஐந்தே முக்காலுக்கு அம்மாவும் பெரியவளும் கிளம்பிவிட்டார்கள்.

மைதானத்தில் முதல் செட் முடிந்ததும் வீட்டுக்குப் போன் செய்தாள். "நல்லாத் தூங்குறா அண்ணி" என்றாள் அத்தை. "நோட்டைப் பாத்தேன், ஒண்ணும் இல்லையே. நீங்க நிம்மதியா இருந்து பாருங்க, பாவம் பெரியவ." எழுப்பி ஒரு தடவை அளந்து பார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அளந்தால் எண் வரும், எண் வந்தால் கிளம்ப வேண்டும். போனைப் பைக்குள் போட்டாள்.

கடைசி செட்டில் பெரியவள் எம்பி அடித்த பந்து எதிர்ப்பக்கத்துக் கோட்டுக்குள் விழுந்தபோது இவள் தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கி, "என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்றாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக, ஒரு பத்து நிமிடம், தனக்கு நோயாளிக் குழந்தை ஒன்று இருப்பதை முழுக்க மறந்துபோனாள். பிற்பாடு அவளால் எதை மன்னிக்க முடிந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தை மன்னிக்க முடியவில்லை.

எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அத்தை தொலைக்காட்சியைச் சத்தம் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. உடம்பு கொதித்தது, பாதம் மட்டும் ஜில்லென்று, திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்திருந்தது. "வாலு, அக்கா ஜெயிச்சிட்டாடி" என்று பெரியவள் பதக்கத்தை முகத்துக்கு நேரே ஆட்டினாள். வாலு, "பஸ் வந்துடுச்சா?" என்றாள். அப்புறம் பேச்சு குழறியது. தெர்மாமீட்டர் நாற்பதைக் காட்டியது.

ஆம்புலன்ஸ் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது, மூடியது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் வேலைச் சட்டையோடு ஓடி வந்திருந்த கணவன், நடுவில் ஜெர்சியைக்கூட மாற்றாத பெரியவள்.

"ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு. ரொம்ப வேகமாப் பரவுற வகை" என்றாள் டாக்டரம்மா. "அஞ்சு இருபதுக்கு முப்பத்தேழு புள்ளி ஏழுதான் இருந்திருக்கு. அதுக்குள்ள இப்படி ஏறினா யாராலயும் புடிக்க முடியாது. நீங்க எதுவும் தப்புப் பண்ணலம்மா. அதை மட்டும் மனசுல வச்சுக்குங்க."

வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள். பெரியவள் பக்கத்தில் நின்றாள், கழுத்தில் அந்தப் பதக்கம் இன்னும் தொங்கியது. இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை காலமெல்லாம் என்ன நினைக்கும்? என் ஆட்டத்துக்காகத்தான் தங்கச்சிக்கு இப்படி ஆயிற்று என்று நினைக்கும். திறந்த வாயை மூடிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாம் நாள் காலை வாலு இறந்துபோனாள். அப்போது பத்து மணி நாற்பத்தொன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டது பழக்க தோஷம். எழுத நோட்டு கையில் இல்லை.

மூணாம் கட்டில் அம்மா வந்து இவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அன்று அவள் யாரோடும் சண்டை போடவில்லை. "உன்னை மாதிரி நாங்க யாரும் பாத்துக்கல. நீ ஒண்ணையும் விடல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தலைமை நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, "அந்த நோட்டை இங்கயே வச்சுக்கலாமாம்மா? புதுசா வர்றவங்களுக்குக் காட்ட" என்று கேட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "அப்புறம் தர்றேன்" என்று நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்துவிட்டாள்.

கணவனும் அதைத்தான் பிடித்துக்கொண்டான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க பக்கம் ஒரு குறையும் இல்ல. மணி தவறாம பாத்தா. நோட்டே இருக்கு" என்றான். அது ஒன்றுதான் அவனுக்கு ஊன்றுகோல் என்று தெரிந்ததால் இவள் அதைத் தட்டிவிடவில்லை. பணிமனைக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை. அந்தக் கூண்டில் உட்கார்ந்து இனி ஒருவனுடைய இரண்டு நிமிடத்தை எந்த முகத்தோடு எழுதுவது?

பெரியவள் அழவே இல்லை. பள்ளிக்குப் போனாள், வந்தாள். வாலிபால் பயிற்சியை விட்டுவிட்டாள். சாப்பாட்டைத் தட்டில் தள்ளித் தள்ளி வைத்தாள். சின்னப் பெண், அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்று அத்தை சொன்னாள். சரியாகவில்லை. பதினெட்டு நாளில் முகம் பாதியாகிவிட்டது.

பதினெட்டாம் நாள் பள்ளிக்கூடம் விடுமுறை. மதியம் படுக்கை விரிப்பை மாற்றலாம் என்று அம்மா அறைக்குள் போனாள். பெரியவள் வாலுவின் கட்டிலையொட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்குளில் தெர்மாமீட்டர். பீப் அடித்தது. எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அணைத்தாள். மறுபடி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"காய்ச்சலாடி?" பதறிப்போய்க் கிட்ட வந்தாள்.

"இல்ல."

"பின்ன என்ன பண்ற?"

"சரியாப் பாக்கத் தெரியுதான்னு பாக்குறேன்." குரல் தட்டையாக இருந்தது. "டெய்லி பாக்குறேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் கரெக்ட்டாத்தான் தெரியுது."

அம்மா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீ டிரெஸ் மாத்தப் போனல்ல. அப்ப வாலு குளிருதுன்னு சொன்னா. நான் வச்சுப் பாத்தேன்." பெரியவள் தெர்மாமீட்டரின் மூடியைப் போட்டாள், கழற்றினாள். "முப்பத்தெட்டு புள்ளி மூணு. எனக்குத் தெரியும்மா, முப்பத்தெட்டுன்னா போகணும்னு. சுவத்துல எழுதியிருக்கே. நோட்டைப் பாத்தேன், நீ முப்பத்தேழு புள்ளி ஏழுன்னு எழுதியிருந்த. நீ எழுதுனா தப்பா இருக்காது. அப்ப நான்தான் சரியா வைக்கலன்னு நெனச்சேன். இல்ல... அப்படி நெனச்சுக்கிட்டேன். மேட்ச் போயிடுமேன்னு இருந்துச்சு. உன்கிட்ட சொல்லல. அப்புறந்தான் ஏறியிருக்கு, நான் பாத்துட்டுச் சொல்லல. நான்தாம்மா கொன்னுட்டேன்."

காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பதினெட்டு நாள் இந்தப் பிள்ளையின் தலையில் பாறாங்கல்லை ஏற்றி வைத்திருக்கிறாள். அன்று வாயை மூடிக்கொண்டதற்கு இதுதான் பலன். அழ நேரமில்லை.

"நீ சரியாத்தான் பாத்த" என்றாள். "தப்பு நோட்டுல. நான் பாத்தப்பவே முப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு. ரெண்டு தடவை பாத்தேன். மாத்தி எழுதுனேன்."

பெரியவளுக்கு முதலில் விளங்கவில்லை. "தெரியாமலா?"

"தெரிஞ்சேதான்."

"என் மேட்ச்சுக்காகவா?"

"உனக்காக இல்ல. எனக்காக. எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முடியல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வேற எங்கயாவது நிக்கணும்னு இருந்துச்சு. உன் மேட்ச் இல்லன்னா வேற எதையாவது சாக்கு வச்சிருப்பேன்."

பெரியவள் தெர்மாமீட்டரைத் தரையில் வைத்தாள். பிறகு, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கே உரிய அந்தக் கூர்மையோடு, ஒன்று கேட்டாள்.

"நான் அன்னிக்கு முப்பத்தெட்டு புள்ளி மூணுன்னு வந்து சொல்லியிருந்தா, நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பியா?"

போயிருப்பாள். அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஒரு பொய்யை அவளால் நோட்டோடு வைத்துக்கொள்ள முடிந்தது. இன்னொரு வாய் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் ஒரு நொடி நின்றிருக்க மாட்டாள், குழந்தையை வாரிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடியிருப்பாள். ஆறரைக்குள் மருந்து ஏறியிருந்தால் வாலு இன்றைக்கு இந்தக் கட்டிலில் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருக்கவும் கூடும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"மாட்டேன்" என்றாள். ஓட்டுநர்களிடம் பேசுகிற அதே கறாரான குரல். "உனக்குப் பாக்கத் தெரியலன்னு சொல்லியிருப்பேன். எதிர்த்துப் பேசினா ஒரு அறை விட்டு வாயை மூட வச்சிருப்பேன். நீ என்ன சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். உன் பேச்சால அன்னிக்கு எதுவும் மாறியிருக்காது. புரியுதா?"

பெரியவள் நம்பினாள். நம்பியது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. முதலில் தோள் தளர்ந்தது. அப்புறம் கண்ணில் வேறொன்று வந்தது. அம்மாவைப் பார்த்து அந்தப் பிள்ளை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"வெளிய போ" என்றாள்.

"சரி."

"என்னைத் தொடாத. வெளிய போ!"

எழுந்து வெளியே வந்தாள். பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து அழுகை வெடித்தது. கட்டிலை அடித்து அடித்து, வாலு, வாலு என்று பெயர் சொல்லி, பதினெட்டு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. கணவன் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஓடி வந்தான். "என்ன ஆச்சு? ஏன் இப்படிக் கத்துறா?"

"அழுறா. விடுங்க, அழட்டும்" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பையை இறக்கி வச்சிட்டு உக்காருங்க."